பின்னறை வால்வு

தோட்டத்துக்கு இந்த வாரம் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது இரக்கப்பட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துவிடுவார்கள். நேற்று வீட்டைப் படம் எடுக்க வந்த உங்கள் காவலர்கூட ஓரத்துச் செடியைப் பார்த்து, பாவம், வாடிப்போச்சே என்றார். அது வாடவில்லை. வெயில் நேரத்தில் இலையை மடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சாயங்காலம் விரித்துவிடும்.

உங்கள் சொந்த வார்த்தைகளில், நிதானமாக, முதலிலிருந்து எழுதுங்கள் என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், இன்ஸ்பெக்டர். நிதானத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை. முப்பத்தொரு வருஷம் நீரேற்று நிலையத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை பார்த்தவன் நான். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதன்படி நீளமான இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவேன், குழிமூடியைத் தூக்குவேன், திருகுவேன், அடுத்த தெருவுக்குப் போவேன். அக்கம்பக்கத்தில் எனக்கு வால்வுக்காரர் என்றுதான் பெயர். என் மனைவி வால்வுக்காரர் வீட்டம்மா.

அந்த வேலையில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தினமும் தண்ணீர் வருகிற தெருவில்தான் சண்டை. அரை மணி தாமதமானால் குடத்தோடு நிலையத்துக்கே வந்து நிற்பார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிற தெருவில் சத்தமே இருக்காது. அவர்களிடம் தொட்டி இருக்கும், டிரம் இருக்கும், பாத்திரம் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்ற யோசனை இருக்கும். கொடுக்கிற அளவுக்கு ஏற்ற மாதிரி மனிதர்கள் ஆகிவிடுவார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பலகை பலகையாகக் கற்களைச் செங்குத்தாக, ஒன்றை ஒன்று ஒட்டி, புத்தக அடுக்கு மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் செடி. மண்ணே கண்ணில் படவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் இப்படித்தான் தோட்டம் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. என் முறை வந்ததும் பத்திரிகையைக் கையோடு நாற்காலிக்கு எடுத்துப் போனேன். முடி வெட்டுபவர் தலையை நிமிர்த்து, நிமிர்த்து என்று நாலு தடவை சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினாறடி இடம் இருந்தது. துணி காயப்போடுகிற இடம். எனக்குக் கொடுக்கிறாயா என்று மனைவியிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு கொடிக்கயிற்றை அவிழ்த்து மாடிக்குக் கொண்டுபோனாள். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நானாகக் கேட்டு வாங்கிய பொருள் என்று என் வாழ்க்கையில் இருப்பது அந்தப் பத்துக்குப் பதினாறுதான்.

மற்றதெல்லாம் அண்ணன் கொடுத்தது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா போய்விட்டார். அண்ணனுக்குப் பத்தொன்பது. தையல் கடையில் உட்கார்ந்து என்னை வளர்த்தார். பள்ளிக்கூடத்துக்கு என்ன நிறக் கால்சட்டை என்று என்னைக் கேட்டதில்லை, தைத்துக் கொடுத்துவிடுவார். பசிக்கிறது என்று வாயைத் திறப்பதற்குள் தட்டு முன்னால் இருக்கும். நீரேற்று நிலையத்து வேலையும் அவர் யாரையோ பார்த்து வாங்கிக் கொடுத்ததுதான். பெண்ணும் அவர் பார்த்த பெண்தான். எனக்காகவே அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். செய்துகொள்ள வேண்டாம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவரைப் பற்றிக் குறைசொல்ல ஒன்றுமே இல்லை. குறைசொல்ல ஒன்றுமே இல்லாத ஒரு மனிதரோடு அறுபது வருஷம் அண்ணன் தம்பியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

போன வருஷம் கடையில் வைத்தே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை மடங்கிப்போனது. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு அடியோடு போய்விட்டது. நாம் சொல்வது புரியும், சிரிப்பார், தலையாட்டுவார், ஆனால் ஒரு வார்த்தை வராது. அவரை நாங்கள்தான் அழைத்துவந்தோம், பின்னறையில் வைத்துக்கொண்டோம். அதில் எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தயக்கம் இருந்ததில்லை. இதை என் மனைவியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில்தான் தோட்ட வேலையும் ஆரம்பித்தேன். கல் அறுக்கும் பட்டறையில் கழித்துப் போட்ட பலகைக் கற்கள் எண்பத்து நாலு கொண்டுவந்தேன். கட்டட இடிசலும் சரளையும் கொட்டி மேடாக்கி, அதில் கற்களை நிறுத்த வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போய்விடும், ஒரு பங்குதான் வெளியே தெரியும். எல்லாக் கல்லும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருக்க வேண்டும். நடுவில் பொடிக்கல்லை ஆப்பு மாதிரி வைத்து மரச்சுத்தியால் இறுக்க வேண்டும். பிறகு இடுக்கில் பருமணலைக் கொட்டி, கம்பியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். எரு கூடாது. செடியை நடும்போது அதன் வேரில் ஒட்டியிருக்கும் நல்ல மண்ணை முழுக்கக் கழுவிவிட்டு, வெறும் வேராக இறக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் பழைய மண் இருந்தால் வேர் அதிலேயே சுருண்டு கிடக்கும், வெளியே வராது.

நட்ட அன்று ஒரு தடவை தண்ணீர். பிறகு பத்து நாள், பதினைந்து நாள் ஒன்றும் கிடையாது. மேலே தண்ணீர் இல்லை என்று தெரிந்தால்தான் வேர் கல்லைத் தடவிக்கொண்டே கீழே போகும். கல்லுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்துவிட்ட செடியை அதற்கப்புறம் எந்தக் கோடையும் ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணன் பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். தையல்காரர் கண். ஒரு கல் நூலளவு கோணினால் நாக்கை 'ச்' என்று தட்டுவார். இடது கையைத் தூக்கி இப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டுவார். காட்டினால் சரியாகத்தான் இருக்கும். வரிசை அவ்வளவு நேராக வந்தது அவரால்தான், அதை நான் மறைக்கவில்லை. மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, தையல் போட்ட மாதிரி இருக்குதே என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். நான் சுத்தியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஊர்ல எல்லாரும் செடி வளப்பாங்க, இவரு கல்லு வளக்கிறாரு" என்று மனைவி கேலி செய்வாள். அண்ணன் தோள் குலுங்கச் சிரிப்பார். நல்ல நாட்கள்தான் அவை.

நாற்பது செடி நட்டேன். உருண்டைக் கள்ளி, சிறு கற்றாழை, சதைப்பற்றுள்ள இலைகள் மெத்தை மாதிரிப் படர்கிற ஒன்று, இடுக்கில் பத்துமணிப்பூ. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடியைப் பட்டையாக வெட்டி, பென்சிலால் பெயர், நட்ட தேதி, தண்ணீர் விட்ட தேதி எல்லாம் எழுதிப் பக்கத்தில் செருகிவிடுவேன். பேனா வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் போகாது. பட்டுப்போன செடியின் சீட்டை எறிவதில்லை. கடைசித் தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டு எடுத்து வைப்பேன். எங்கே தவறினோம் என்று அடுத்த தடவை பார்க்கலாம்.

மூன்றாவது வாரம் செடிகள் அழுக ஆரம்பித்தன. தொட்டால் கையோடு வந்தது, அடித்தண்டு கூழாக இருந்தது. எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் காலையில் வழக்கத்துக்கு முன்னால் எழுந்தேன். அண்ணன் பின்வாசல் குழாயில் இடது கையால் ஒரு குவளை பிடிக்கிறார், காலை இழுத்துக்கொண்டு போகிறார், ஒரு செடிக்கு ஊற்றுகிறார், திரும்ப வருகிறார், இன்னொரு குவளை பிடிக்கிறார். நாற்பது செடிக்கும் நாற்பது நடை. எத்தனை நாளாக நடக்கிறதோ. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒன்றைக் கொடுத்துவிட்ட சிரிப்பு.

எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். மறுநாளும் ஊற்றினார். குவளையை ஒளித்து வைத்தேன். மாத்திரை போடும் டம்ளரில் ஊற்றினார். அழுகின பத்தொன்பது செடியையும் பிடுங்கி அவர் மடியில் வைத்துக் காட்டினேன். கண் கலங்கினார், என் தலையைத் தடவிக்கொடுத்தார், அடுத்த நாள் மிச்சம் இருந்ததற்கு இரண்டு பங்காக ஊற்றினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். வாழ்க்கையில் முதல்தடவையாக வந்தது, எங்கே வைப்பது என்று தெரியாத அளவுக்கு வந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது. உன் செடிக்கு உன் அண்ணன் தண்ணீர் ஊற்றினார், அதற்கா இவ்வளவு என்பார்கள். மனைவி அதைத்தான் சொன்னாள்.

இந்த இடத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள், நல்ல பெண். எட்டு மாதமாகியும் அண்ணனிடம் முன்னேற்றம் இல்லை என்று அவளுக்கு வருத்தம். ஒருநாள் என் மனைவியும் நானும் இருக்கும்போது சொன்னாள்:

"அவர் கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க எல்லாத்தையும் குடுத்துடறீங்க. அப்புறம் அவருக்குப் பேச வேண்டிய தேவை என்ன இருக்கு? தண்ணிய கையில வச்சுக்கிட்டு என்ன வேணும்னு கேளுங்க. காத்திருங்க."

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நேராகி உட்கார்ந்தது. நாற்பது வருஷமாக வால்வில் பார்த்ததும், கல்லிடுக்கில் பார்த்ததும், இந்தப் பெண் படித்துவிட்டு வந்து சொல்வதும் ஒன்றேதான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. எல்லாரும் சேர்ந்து அண்ணனை அழுகவைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. முப்பத்தொரு வருஷம் என்று மேலே எழுதியிருக்கிறேன், இங்கே நாற்பது என்று எழுதிவிட்டேன். முப்பத்தொன்றுதான் சரி.

கோடை உச்சத்தில் எங்கள் மகளுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை. கூட இருக்க என் மனைவி போக வேண்டியதாயிற்று, பன்னிரண்டு நாள். புறப்படும்போது வாசலில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் சொன்னாள்:

"அவருக்குக் கேக்கத் தெரியாது. வெயில் வேற கொளுத்துது. மணிக்கொரு தடவை நீங்களே தண்ணி குடுத்துடுங்க."

சரி என்றேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து முதல் வேலையாகப் பின்பக்கத்து வால்வை மூடினேன். பின்வாசல் குழாய்க்கும் பின்னறைக் குளியலறைக்கும் போகிற கிளைக்குழாய் அது. குவளை, வாளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சமையலறையிலிருந்து தூக்கி வருவார் என்பதால் உள்கதவையும் என் பக்கம் தாழிட்டேன். அதற்கு நாலு நாள் முன்னால்தான் புதிதாக இருபத்தாறு செடி நட்டிருந்தேன். முதல் பதினைந்து நாளைத் தாண்டிவிட்டால் வேர் பிடித்துவிடும். அந்தப் பதினைந்து நாள் எனக்குத் தேவையாக இருந்தது. இதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. சொந்த வீட்டில் ஒரு குழாயை மூடினேன்.

முதல் நாள் மூன்று டம்ளர் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன வேணும்ணே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். முதல் நாள் என்பதால் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் இரண்டு டம்ளர். கையை நீட்டினால் கொடுக்கக் கூடாது, சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் நின்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் போலிருக்கிறது என்று டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் பார்க்கப் பாவமாக இருந்ததால் சொல்லாமலே கொடுத்தேன். அதை ஒரு தோல்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் தோட்டத்தில் ஒரு கல்லை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு குழாய்க்கு வந்தார். திருகினார். வரவில்லை. மூடிவிட்டு மறுபடியும் திருகினார். உள்ளங்கையைக் குழாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் வால்வுக்காரனாக இருந்தவனின் அண்ணன். தண்ணீர் எதனால் வரவில்லை என்று அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. நான் ஆப்பை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார். அன்று ஒரு டம்ளர்.

அன்றுதான் சீட்டும் எழுதினேன். நீங்கள் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, இது என்ன என்று கேட்டீர்கள். அதில் ஒன்றும் இல்லை, கைப்பழக்கம். எந்தத் தேதியில் எவ்வளவு என்று குழப்பம் வரக் கூடாது. மேலே அண்ணன் என்று எழுதி, பின்னறை ஜன்னல் கம்பியில் செருகி வைத்தேன்.

மாத்திரையை நான் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஒன்று. இரண்டையும் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தேன். நாலாம் நாள் மாத்திரையை விழுங்க அரை டம்ளர் கொடுத்தேன். சாப்பாடு வைத்தேன், வாயில் வைத்துக்கொண்டே இருந்தார், உள்ளே இறங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. கையின் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. சதைப்பற்றுச் செடியின் இலையும் நாலு நாளில் அப்படித்தான் சுருங்கும். சுருங்குவது சாவதற்கு அல்ல, இருப்பதை வைத்துச் சமாளிப்பதற்கு. அதைத்தான் நினைத்துக்கொண்டேன். வேறெதையும் நினைக்கவில்லையா என்று கேட்டால், அன்று மத்தியானம் எனக்கும் சாப்பிட முடியவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா.

மனைவி தினமும் போன் செய்வாள். தண்ணி குடுக்கிறீங்களா என்பாள். அளவாகக் கொடுக்கிறேன் என்பேன். அதுவரை நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் நாலு மணி இருக்கும். டம்ளரோடு போய் நின்று, என்ன வேணும்ணே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். தொண்டையில் ஏதோ உரசியது. வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. பிறகு சொன்னார்.

"தண்ணி."

தெளிவாக, எழுத்துக்கு எழுத்து. எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் குரல். அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வெளியே ஓடி மனைவிக்குப் போன் செய்தேன். அண்ணன் பேசிவிட்டார் என்றேன். அவளும் அழுதாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். தண்ணீர் கேட்டார் என்றேன்.

"குடுத்தீங்களா?" என்றாள்.

"குடுத்தேன்" என்றேன்.

அந்த ஒரு பொய்யைத்தான் நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். தப்பு என்று தெரியாதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று. அவள் பயந்துவிடுவாள் என்பதால் சொன்னேன். அவளுக்குத் தோட்ட வேலை தெரியாது. புதிதாக நட்ட செடியில் முதல் துளிர் தெரிந்ததும் எல்லோரும் ஆசையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றக் கூடாது. அந்த நேரத்தில் ஊற்றினால் வேர் கீழே போவதை நிறுத்திவிட்டு மேலேயே தங்கிவிடும், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரமே அதுதான்.

திரும்பிப் போய், தண்ணி வேணும்னு சொல்லுங்கண்ணே என்றேன். தண்ணி என்றார். வேணும்னு சேர்த்துச் சொல்லுங்க என்றேன். தண்ணி என்றார். டம்ளர் ஜன்னல் திட்டில், அவர் கை எட்டாத இடத்தில் இருந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் பதினொரு தடவை சொன்னார். கடைசி இரண்டும் தெளிவாக இல்லை. சீட்டில் அந்தத் தேதிக்கு நேராகச் சுழி போட்டேன்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணை நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள், அவள் சொன்னது முழுவதையும் நான் எழுதவில்லை என்று எனக்கே தெரிகிறது. எழுதிவிடுகிறேன். ஒரு நிமிஷம் காத்திருங்கள் என்றாள். ஒரு சத்தம் வந்தால்கூடப் போதும், உடனே கொடுத்துவிடுங்கள் என்றாள். ஒரு சத்தத்தோடு நிறுத்திக்கொள்வது அவளுக்குப் போதும். வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிறவள் அவள்.

ஆறாம் நாள் காலையில் போனபோது அவர் தரையில் படுத்திருந்தார், பின்கதவுப் பக்கம் தலை. குழாய்க்குப் போகப் பார்த்திருக்கலாம். தூக்கிக் கட்டிலில் போட்டேன். எடையே இல்லை. உடம்பு அடுப்பு மாதிரி இருந்தது. என்ன வேணும்ணே என்று கேட்டேன். கண்ணைத் திறந்து இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி" என்றார்.

அது நான் கேட்ட வார்த்தை இல்லை. பயிற்சியில் அது கிடையாது. அவர் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும் என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர் கையில் சூடாகிவிட்டது. அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. நின்ற பிறகு வாயில் ஊற்றினேன். கடைவாய் வழியாக வழிந்து தலையணை நனைந்தது. துடைத்துவிட்டு, தலையணை உறையை மாற்றினேன். தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த வெயிலை வயசானவங்க தாங்க மாட்டாங்க என்று எழுதிக் கொடுத்தார். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மனைவி வந்து காரியமெல்லாம் முடிந்த நாலாவது நாள் பின்னறையைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்திருக்கிறாள், தண்ணீர் வரவில்லை. ஜன்னல் கம்பியில் சீட்டைப் பார்த்திருக்கிறாள். பட்ட செடிக்குப் போடுவது மாதிரி கடைசித் தேதிக்குக் கீழே நான் கோடு போட்டிருந்தேன், எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"என்னைக்கு மூடினீங்க?" என்றாள்.

நீ பஸ் ஏறின அன்றைக்கு என்றேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தோட்டத்தை மட்டும் ஒன்றும் செய்துவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். அவர் தண்ணீர் என்று வாயைத் திறந்து கேட்ட பிறகும் ஏன் கொடுக்கவில்லை என்று. தெரிந்துதான் கொடுக்கவில்லை. டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது, என் கை எட்டும் தூரத்தில் அவர் இருந்தார், நான் கொடுக்கவில்லை. அவர் செத்துப்போகலாம் என்று ஐந்தாம் நாளே எனக்குத் தெரிந்தது. உங்கள் தாளில் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு மாதம் எல்லோரும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தும் அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. என்னிடம் ஆறே நாளில் இரண்டு வந்தது. இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருந்தால் அண்ணன் முழு வாக்கியமே பேசியிருப்பார்.